உயிரணுக்களின் பிணைப்பு



மனித உடலில் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன என்று உயிரியலார் கணித்திருக்கின்றனர். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள். அவை எதனோடும் ஒட்டாமல், ஆற்று நீரில் மிதந்து செல்லும் இலைகளைப் போல ஓடிக்கொண்டே இருப்பவை. எஞ்சியவற்றின் நிலை வேறு. தோலிலுள்ள ஓர் உயிரணு, தன் பக்கத்திலுள்ள உயிரணுவை விடாது பற்றிக்கொண்டிருக்கிறது. இரைப்பையின் உட்சுவரிலும் குடலின் உட்சுவரிலும் உயிரணுக்கள் தோளோடு தோள் நெருங்கி நின்று, உண்ட உணவும் அமிலமும் வேண்டாத இடத்திற் கசியாதபடி காத்து வருகின்றன. நாம் குனிகிறோம், சுமை தூக்குகிறோம், இருமுகிறோம். ஒவ்வோர் அசைவிலும் அவை இழுபடுகின்றன, நசுங்குகின்றன, நீள்கின்றன. ஆயினும் பிரிந்துபோவதில்லை. எந்தப் பிடியின் வலிமையால் இவை பிரியாது நிற்கின்றன?

இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் ஜப்பானிய உயிரியல் அறிஞரான மசடோஷி டகெய்ச்சி. 1943-ஆம் ஆண்டு பிறந்த இவர், நகோயா பல்கலைக்கழகத்திற் பயின்று, பின்னர்க் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் டோக்கிந்தோ ஒகாடா என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றியும், அதிலிருந்து கிளைத்த சில செய்திகளைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

செங்கல்லையும் செங்கல்லையும் சேர்க்கச் சுண்ணாம்புக் காரை இருப்பதுபோல, உயிரணுக்களுக்கு இடையிலும் ஏதோ ஒரு பசை இருக்கவேண்டும் என்று எண்ணுவது இயல்பு. முன்னாள் உயிரியலாருட் பலர் அவ்வாறே எண்ணினர். ஆனால் வெறும் பசை செய்ய இயலாத காரியங்களை உயிரணுக்கள் செய்வதையும் அவர்கள் கண்டார்கள். 1900-இல் ஜெர்மானிய அறிஞர் குர்ட் ஹெர்ப்ஸ்ட், கடல் முள்ளெலியின் இளங்கருக்களைக் கால்சியம் நீக்கிய கடல்நீரில் இட்டார். கருவின் உயிரணுக்கள் ஒன்றையொன்று கைவிட்டுத் தனித்தனியே உதிர்ந்துவிட்டன. 1907-இல் அமெரிக்கரான வில்சன் என்பவர், உயிருள்ள கடற்பஞ்சு ஒன்றை மெல்லிய பட்டுத்துணியின் வழியே பிழிந்தார். துகள் துகளாகச் சிதறி விழுந்த அதன் உயிரணுக்கள் ஊர்ந்து வந்து ஒன்றுகூடி, மறுபடியும் கடற்பஞ்சாகவே வளர்ந்தன.

இவற்றினும் வியப்பானது 1955-இல் டவுன்ஸ், ஹோல்ட்பிரேட்டர் என்னும் இருவர் வெளியிட்ட சோதனை. நீர்நில வாழ் உயிரின் கருவிலிருந்து வெவ்வேறு படலங்களின் உயிரணுக்களைப் பிரித்தெடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். சில மணி நேரத்திற்கெல்லாம் அவை தம் இனத்தைத் தேடிக் கூடத் தொடங்கின. தோலாக வேண்டியவை வெளியே வந்தன. நரம்பாக வேண்டியவை உள்ளே புகுந்து தனிக்குழுவாகத் திரண்டன. திருவிழாக் கூட்டத்திற் பிரிந்துபோன ஊரார், அடையாளம் கண்டு மீண்டும் ஒன்றுசேர்வதைப்போல இருந்தது அக்காட்சி. பசைக்கு இன்னார் இனியார் என்ற வேறுபாடு தெரியுமா? தெரியாது. ஆகவே, ஆளறிந்து பற்றும் ஏதோ ஒன்று உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கவேண்டும் என்பது உறுதியாயிற்று. அஃது யாது என்பதுதான் தெரியவில்லை.

இனி டகெய்ச்சியிடம் வருவோம். திசுக்களைத் தனித்தனி உயிரணுக்களாகப் பிரிப்பதற்கு ஆய்வுக்கூடங்களில் டிரிப்சின் என்ற செரிமானப் பொருளைப் பயன்படுத்துவர். அது புரதங்களைத் துண்டு துண்டாக்க வல்லது. கியோட்டோவில் டகெய்ச்சி இவ்வாறு பிரித்த உயிரணுக்கள் சிறிது நேரத்திற்குள் மறுபடியும் ஒட்டிக்கொள்வது வழக்கம். 1974-இல் அவர் அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரத்துக்குச் சென்று, கார்னெகி நிறுவனத்தின் கருவியல் துறையிற் சேர்ந்தார். அங்கும் உயிரணுக்களைப் பிரித்துப் பார்த்தார். அவை ஒட்டவில்லை. எத்தனை நேரம் காத்திருந்தாலும் தனித்தனியே மிதந்துகொண்டிருந்தன.

ஆராய்ச்சிக்கூடங்களை அறிந்தவர்களுக்கு இத்தகைய நிகழ்ச்சி புதிதன்று. ஓரிடத்தில் நடந்தது மற்றோரிடத்தில் நடவாதபோது, நீரைக் குறை கூறுவார்கள், மருந்தைக் குறை கூறுவார்கள், பிறகு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். டகெய்ச்சி அவ்வாறு போகவில்லை. இரண்டு ஊர்களின் செய்முறைகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். பால்டிமோரில் டிரிப்சின் கரைசலோடு இ.டி.டி.ஏ. என்ற வேறொரு பொருளையும் சேர்த்து வைப்பது அவர்களுடைய பழக்கம்; கியோட்டோவில் அது இல்லை. இந்தப் பொருள் நீரிலுள்ள கால்சியத்தை எல்லாம் கவர்ந்து தன்னோடு கட்டிக்கொள்ளும் இயல்புடையது.

இதிலிருந்து அவர் கண்டறிந்த உண்மை அருமையானது. உயிரணுவின் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. கால்சியம் அருகில் இருக்கும்வரை அப்புரதம் விறைத்து நின்று, டிரிப்சினின் பற்களுக்கு அகப்படாமல் தப்பிவிடுகிறது. கால்சியத்தை நீக்கிவிட்டாலோ, அது துவண்டு இளகி, டிரிப்சினுக்கு இரையாகிவிடுகிறது. கியோட்டோவில் உயிரணுக்கள் மீண்டும் ஒட்டியதற்குக் காரணம், அங்கே அவற்றின் கைகள் அறுபடாமல் இருந்ததுதான். பால்டிமோரில் கைகள் போய்விட்டன. 1900-இல் ஹெர்ப்ஸ்ட் கண்ட காட்சிக்கும் இதனாலேயே விளக்கம் கிடைத்தது. 1977-இல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று.

புரதம் உண்டு என்று காட்டுவது வேறு. அதனைப் பிடித்து முன்னே நிறுத்துவது வேறு. அதற்கு மேலும் ஏழு ஆண்டுகள் ஆயின. கியோட்டோவுக்குத் திரும்பிய டகெய்ச்சியும் அவருடைய மாணவர்களும், அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பற்றி அதன் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கி, 1984-இல் அதற்குக் காட்ஹெரின் என்று பெயரிட்டனர். கால்சியம் என்ற சொல்லையும், ஒட்டுதல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துச் செய்த பெயர் அது. அதே காலத்தில் ரோல்ஃப் கெம்லர் என்ற ஜெர்மானியரும், ஜெரால்டு எடல்மன் என்ற அமெரிக்கரும் தனித்தனியே தேடி அதே இனத்துப் புரதத்தையே கண்டு வேறு வேறு பெயர்கள் சூட்டியிருந்தனர். இறுதியில் நிலைத்தது ஜப்பானியர் இட்ட பெயர்.

பெயர் ஒன்றாயினும் ஆள் ஒன்றன்று. தோல், குடல் முதலிய போர்வைத் திசுக்களில் ஒரு வகைக் காட்ஹெரின். நரம்புத் திசுவில் வேறொரு வகை. இன்று மனித உடலில் இக்குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. ஒவ்வொரு வகையும் பெரும்பாலும் தன் வகையையே தேடிப் பற்றுகிறது. கருவில் முதுகுத் தண்டு உருவாகும் வேளையில், மேற்படலத்தின் ஒரு பகுதி உட்புறமாக மடிந்து குழாயாகப் பிரிகிறது அல்லவா? அப்படிப் பிரியும் உயிரணுக்கள் தோல் வகைக் காட்ஹெரினைக் கைவிட்டு, நரம்பு வகையை ஏற்றுக்கொள்வதை டகெய்ச்சியின் குழுவினர் 1986-இல் காட்டினர். அடையாளம் மாறியதும் பிரிவு எளிதாகிறது.

ஐயத்துக்கு இடமின்றி இதனை நிலைநாட்டிய சோதனை அடுத்து வந்தது. எலியிலிருந்து எடுத்து வளர்க்கப்பெறும் ஒருவகை உயிரணுக்களுக்கு ஒட்டும் ஆற்றல் இல்லை. 1987-இல் காட்ஹெரினுக்குரிய மரபணுவை அவற்றுள் புகுத்தினர். உடனே அவை கைகோத்துத் திரண்டன. மறு ஆண்டில், சிலவற்றுக்கு ஒரு வகைக் காட்ஹெரினையும் சிலவற்றுக்கு மற்றொரு வகையையும் அளித்து, இரண்டையும் கலந்து விட்டனர். அவை தத்தம் வகையோடு கூடிப் பிரிந்து நின்றன. 1955-இல் தவளை இனக் கருக்களில் கண்ட அதிசயத்தை, ஒரே ஒரு புரதத்தை மாற்றி ஆய்வுக்கூடத்துச் சிறு தட்டில் நிகழ்த்திக் காட்டிவிட்டார்கள்.

இவ்வளவோடு கதை முடிந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். என் கருத்தில், மிகச் சுவையான பகுதி இனிமேல்தான் இருக்கிறது.

காட்ஹெரின் புரதம் உயிரணுவின் மேலுறையை ஊடுருவி நிற்பது. அதன் பெரும்பகுதி வெளியே நீண்டு, அடுத்த உயிரணுவின் காட்ஹெரினைத் தொடுகிறது. ஒரு சிறு வால் உயிரணுவின் உட்புறத்தில் தொங்குகிறது. பற்றும் வேலையைச் செய்வது வெளிப்புறம். ஆகவே வாலை வெட்டினால் ஒன்றும் கெடாது என்றுதான் யாரும் கருதுவர். 1988-இல் நாகாஃபுச்சியும் டகெய்ச்சியும் வாலை வெட்டிப் பார்த்தனர். வெளிப்புறத்துக் கை முழுமையாகவே இருந்தது. ஆயினும் உயிரணுக்கள் ஒட்டவில்லை. பிடியின் வலிமை கையில் இல்லை. கை எதிலே கட்டப்பட்டிருக்கிறதோ அதிலே இருக்கிறது என்பது இதனால் விளங்கிற்று. சுவரில் ஊன்றாத முளையில் மாட்டைக் கட்டினால், கயிறு எத்தனை உறுதியாயிருந்து என்ன பயன்?

அப்படியாயின் உயிரணுவுக்குள் ஊன்றுகோலாக இருப்பது எது? உயிரணு என்பது கூழ் நிரம்பிய பை அன்று. அதற்குள்ளே நுண்ணிய புரத இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் ஆக்டின் என்னும் இழை மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆக்டின் இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிவிடலாம். கெரட்டின் முதலியவற்றாலான சற்றுத் தடித்த இழைகளும், குழாய் வடிவான இழைகளும் உடன் உள்ளன. இவற்றின் தொகுதியை மேலை நாட்டார் உயிரணுவின் எலும்புக்கூடு என்று பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் சிறிதும் நிறைவளிப்பதில்லை. எலும்புக்கூடு என்றவுடன் உயிர் போனபின் எஞ்சும் ஒன்றே தமிழர் மனத்தில் தோன்றும். இவ்விழைகளோ கணந்தோறும் ஒரு முனையில் வளர்ந்து, மறு முனையில் தேய்ந்து, தேவையான இடத்தில் புதிதாக எழுபவை. கோவில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவோர் ஒரு பக்கம் கால் பிடுங்கி மறு பக்கம் நடுவதைப் பார்த்திருக்கிறோம்; அதற்கே இது பெரிதும் ஒப்பாகும். ஆதலால் சட்டகம் என்ற சொல்லையே நான் இங்குப் பயன்படுத்துகிறேன்.

உயிரணுக்கள் சந்திக்கும் இடத்தின் அமைப்பை 1963-இல் மேரிலின் ஃபார்குவார், ஜார்ஜ் பலாடி என்னும் இருவர் மின்னணு நுண்ணோக்கியால் வரைந்து காட்டியிருந்தனர். குடலின் உட்சுவர் போன்ற இடங்களில், எல்லாவற்றுக்கும் மேலே, நீர் கசியாதபடி அடைத்து நிற்கும் இணைப்பு ஒன்று. அதன் கீழே, உயிரணுவைச் சுற்றி ஒரு கச்சைபோல் அமைந்த இணைப்பு. அதற்கும் கீழே சட்டைப் பொத்தான்களைப் போல ஆங்காங்கே பதிந்த இணைப்புகள். கச்சை இணைப்பில் இரு மேலுறைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்கிட்டால் அவற்றுள் ஒரு பங்கு அளவினது. டகெய்ச்சி கண்ட காட்ஹெரின்கள் நிற்பது இந்தக் கச்சையில். அதன் உட்புறத்தில் ஆக்டின் இழைகள் கற்றையாக ஓடுகின்றன. பொத்தான் இணைப்புகளில் காட்ஹெரின் குடும்பத்து உறவினர்கள் நிற்கிறார்கள்; அவர்கள் கட்டப்பட்டிருப்பது கெரட்டின் இழைகளில்.

காட்ஹெரினின் வாலுக்கும் ஆக்டினுக்கும் நடுவே நின்று இரண்டையும் சேர்க்கும் தரகர்களைக் கெம்லரின் குழுவினர் 1989-இல் கண்டனர். சங்கிலி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லை வைத்துக் கட்டெனின் என்று பெயரிட்டனர். தமிழ்ச் செவிக்கு அதிற் கட்டு என்னும் சொல் கேட்பது தற்செயலே. ஆயினும் பொருள் பொருந்திவிட்டது. பீட்டா கட்டெனின் காட்ஹெரினின் வாலைப் பற்றுகிறது. ஆல்பா கட்டெனின் பீட்டாவைப் பற்றுகிறது. அந்த ஆல்பாவே ஆக்டினையும் பற்றவேண்டும். 1992-இல் டகெய்ச்சியின் ஆய்வுக்கூடத்தார் ஒரு நுரையீரல் புற்றுநோயிலிருந்து வளர்த்த உயிரணுக்களை எடுத்துப் பார்த்தனர். அவற்றிற் காட்ஹெரின் ஏராளமாக இருந்தும் அவை ஒட்டாமல் உருண்டு திரிந்தன. ஆல்பா கட்டெனின் இல்லை என்பதே குறை. அதனை உள்ளே அளித்ததும் உயிரணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் படலமாக அமைந்தன.

சங்கிலி முழுமையாகிவிட்டது என்று பாடநூல்களிற் படம் வரைந்தார்கள். 2005-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து வில்லியம் வெய்ஸ், வில்லியம் நெல்சன் என்னும் இருவரின் குழுக்கள் அந்தப் படத்தை ஐயத்துக்கு உள்ளாக்கின. புரதங்களைத் தூய்மையாகப் பிரித்துச் சோதனைக் குழாயில் கலந்து பார்த்தபோது, பீட்டாவைப் பற்றியிருக்கும் ஆல்பா, ஆக்டினைப் பற்ற மறுத்தது. ஒரு கையால் ஒன்றைப் பிடித்தால் மறு கை மடங்கிவிடுகிறது! அப்படியானால் சங்கிலியே இல்லையா? பல ஆண்டுகள் துறையே குழம்பி நின்றது. உயிரணுவுக்குள் பிணைப்பு இருப்பதைக் கண்ணாற் காண்கிறார்கள். குழாயில் அது இல்லை.

உயிரணுவில் இருந்து, குழாயில் இல்லாமற்போனது எது? இழுவிசை. ஆக்டின் இழைகளை மயோசின் என்னும் புரதம் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. நம் தசை சுருங்குவதும் இவ்விரண்டின் வேலையே. 2010-இல் ஜப்பானில் யோனெமுராவும், முன்னர் வாலை வெட்டிய அதே நாகாஃபுச்சியும் சேர்ந்த குழு, இழுபடும்போது ஆல்பா கட்டெனின் மடிப்பு விரிந்து, உள்ளே மறைந்திருந்த பகுதியைக் காட்டுகிறது என்றும், அந்தப் பகுதியில் விங்குலின் என்ற மற்றொரு புரதம் வந்து பற்றிப் பிணைப்பை வலுப்படுத்துகிறது என்றும் கண்டது. 2014-இல் ஐயத்தைக் கிளப்பிய ஸ்டான்ஃபோர்டு அறிஞர்களே விடையையும் அளித்தனர். ஒற்றை ஆக்டின் இழையின் இரு முனைகளையும் இரண்டு நுண்மணிகளில் ஒட்டி, அம்மணிகளை லேசர் ஒளிக்கற்றைகளாற் பிடித்து, கட்டெனின்களின் மேல் இழுத்துப் பார்த்தனர். இழுக்காதபோது பிடி நிலைக்கவில்லை. இழுத்தபோது இறுகிற்று. விசையை ஓரளவுவரை மிகுக்க மிகுக்கப் பிடி நெடுநேரம் நின்றது. அந்த அளவைக் கடந்த பின்னரே மீண்டும் தளர்ந்தது.

கிணற்று வாளியின் கயிற்றில் நம் பெண்கள் இடும் முடிச்சை நினைத்துப் பாருங்கள். கையில் வைத்திருக்கும்போது எளிதில் அவிழும். நீர் நிறைந்த வாளியின் பாரம் ஏறினால் இறுகிக்கொள்ளும். பாரம் உள்ள இடத்தில் உறுதி, இல்லாத இடத்தில் நெகிழ்ச்சி. குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் ஒரு சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியவை இடம்பெறுகின்றன; காயம் பட்ட தோலில் உயிரணுக்கள் நகர்ந்து வந்து புண்ணை மூடுகின்றன. காரை பூசிய சுவரில் இவை நடக்கமாட்டா.

இப்பிணைப்பு குலைந்தால் நேரும் துன்பத்தையும் சொல்லவேண்டும். பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோயில், நம் உடலின் காவற்படையே பொத்தான் இணைப்பிலுள்ள காட்ஹெரின் உறவினர் ஒருவரைப் பகைவரென மயங்கித் தாக்குகிறது என்பதை 1991-இல் அறிந்தனர். அழுத்தித் தேய்த்தாலே தோல் உரிந்து வரும் கொடிய நோய் அது.

மற்றொன்று நியூசிலாந்தில் நடந்தது. அங்கே மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெருங்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்றுநோயால் பலர் இளமையிலேயே மாண்டுவந்தனர். அக்குடும்பத்தார் விதியென்று வாளா இருக்கவில்லை. தாமே ஒட்டாகோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரை நாடிச் சென்று, காரணத்தைக் கண்டு சொல்லுமாறு கேட்டு, தம் வமிசாவளியையும் இரத்தத்தையும் அளித்தனர். பாரி கில்ஃபோர்டும் அவருடன் உழைத்தவர்களும் 1998-இல் காரணத்தை வெளியிட்டனர். தோல் வகைக் காட்ஹெரினுக்குரிய மரபணுவில் பிறவியிலேயே அமைந்த ஒரு பிழை அது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் இரண்டு படிகளில் ஒன்று பழுதாயிருக்கிறது. வாழ்நாளில் ஏதேனும் ஓர் இரைப்பை உயிரணுவில் மற்றைய நல்ல படியும் செயலிழக்குமானால், அவ்வுயிரணு தன் அயலாரின் கையை விட்டுவிடுகிறது.

இந்தப் புற்றுநோய் கட்டியாகத் திரள்வதில்லை. பிடி இழந்த உயிரணுக்கள் தனித்தனியாகவும் சிறு வரிசையாகவும் உட்சுவரின் அடியிற் பரவுகின்றன. குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்க்கும் மருத்துவர் கண்ணுக்கு மேற்பரப்பு வழுவழுப்பாக, நலமாகவே தோன்றலாம். இதனால்தான், மரபணுவில் இப்பிழை இருப்பதாகச் சோதனையில் தெரிந்தவர்களுக்கு, நோய் தோன்றுமுன்பே இரைப்பை முழுவதையும் அகற்றிவிடும் அறுவை அறிவுரைக்கப்படுகிறது. 20 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் அதைச் செய்துகொள்ளலாம் என்று 2020-இல் வெளியான பன்னாட்டு நெறிமுறை கூறுகிறது. நன்றாக உண்டு உழைத்துக்கொண்டிருக்கும் இளைஞன் ஒருவன், வலி என்பதே இல்லாத தன் இரைப்பையை இழக்கச் சம்மதிக்கவேண்டியிருக்கிறது. அதன் பின்னர் அவன் சிறிது சிறிதாகப் பல வேளை உண்ணவேண்டும். சில உயிர்ச்சத்துக்களை வாழ்நாள் முழுதும் மருந்தாகப் பெறவேண்டும். பிழையைத் தாங்கிய எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வருவோரின் விகிதம் முதலில் மதிப்பிட்டதைவிடக் குறைவு என்றும் பிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே அறுவையைத் தள்ளிப்போட விரும்புவோர், தேர்ந்த மருத்துவரிடம் ஆண்டுதோறும் இரைப்பையைச் சோதித்துக்கொண்டு காத்திருக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது.

ஒட்டாகோ பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இப்போது வேறொரு பாதையிற் செல்கின்றனர். காட்ஹெரினை இழந்த உயிரணு, சட்டகத்தைப் பழையபடி ஒழுங்காக வைத்திருக்க முடியாமல் வேறு சில புரதங்களைச் சார்ந்து பிழைக்கிறது. அந்தச் சார்பைத் துண்டித்துவிடும் மருந்து கிடைத்தால், நல்ல உயிரணுக்களுக்கு ஊறின்றிப் பிடி இழந்தவை மட்டும் மடியும். அத்தகைய மருந்துப் பொருள்களை ஒவ்வொன்றாக வளர்ப்புத் தட்டுக்களில் இட்டுச் சோதித்து வருகிறார்கள்.